செங்கல் குவியலும் வெள்ளைத் தலைக்கவசமும்

முன்னாலிருந்து நிதானமாக ஒரு நிமிடம் பார்த்தால் அந்தத் தலைக்கவசம் கோணல் என்பது தெரிந்துவிடும். இரண்டு கண்களும் ஒரே மட்டத்தில் இல்லை. காதுகள் ஒவ்வொன்றும் ஒரு சாய்வில் உட்கார்ந்திருக்கின்றன. வாய்ப் பகுதியில் பல் பல்லாக வெட்டியிருக்கும் துளைகளைப் பார்த்தால், வெட்டியவர் கையில் அளவுகோல் இருந்ததாகவே தோன்றாது. 1977 மே 25 அன்று வெளிவந்த முதல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் சாம்ராஜ்யத்தின் வெள்ளைக் கவசப் படையினர் அணிந்துவந்த ஸ்டார்ம்ட்ரூப்பர் தலைக்கவசம்தான் அது.

இதையே இன்று ஒருவர் கணினியில் வரைந்து, இடமும் வலமும் இம்மி பிசகாமல் பொருந்துகிற மாதிரி த்ரீடி பிரிண்டரில் எடுத்துக் கொடுத்தால், சேகரிப்பாளர் கையில் வாங்கித் திருப்பிப் பார்ப்பார், வேலைப்பாட்டைப் பாராட்டுவார், காசு மட்டும் கொடுக்க மாட்டார். அவருக்கு வேண்டியது ‘ஸ்கிரீன் அக்யூரேட்’. படப்பிடிப்பில் இருந்த பொருளின் கோணல், தையல் பிசகு, பெயின்ட் வழிந்த இடம் எல்லாமே அதில் இருந்தாக வேண்டும். கோடம்பாக்கத்தில் ‘செட் ப்ராப்பர்ட்டி’ என்ற ஒரே பெயரில் மூட்டை கட்டி கோடவுனில் போடும் சாமான்களை, உலகின் இன்னொரு மூலையில் ஒரு கூட்டம் மில்லிமீட்டர் கணக்கில் அளந்துகொண்டிருக்கிறது.

இந்தக் கோணல் தலைக்கவசம் லண்டனில் மூன்று நீதிமன்றப் படிகள் ஏறியது. அதை முதலில் வார்த்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த்தே 28 ஆண்டு கழித்து மறுபடி வார்த்து விற்றார். படக் கம்பெனியான லூகாஸ்ஃபிலிம் வழக்குப் போட்டது. கடைசியில் ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, இது சிற்பமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டியதாயிற்று. ரெப்ளிகா, அதாவது அசல் போன்ற பிரதி, செய்பவர்களிடம் பேசும்போதெல்லாம் இந்த வழக்கு அரைகுறையாகவே சொல்லப்படுகிறது. “ஐன்ஸ்வொர்த் ஜெயிச்சாரே, அப்போ யார் வேணும்னாலும் செய்யலாம்” என்பார்கள். அவர் ஜெயித்தது எதில், தோற்றது எதில் என்று விவரமாகப் பார்த்தால் கதை வேறு.

தகடு, சூடு, காற்று

1974க்கும் 1976க்கும் இடையில் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸின் மனதில் இருந்த படம் காகிதத்துக்கு வந்தது. ஓவியர் ரால்ஃப் மெக்குவாரி வரைந்த வண்ண ஓவியங்களில் இந்த வெள்ளைப் படையினர் முதன்முதலாக முகம் பெற்றார்கள். அந்த முகத்தைத் தலையில் மாட்டக்கூடிய பொருளாக மாற்றும் வேலை இங்கிலாந்தில் நடந்தது. நிக் பெம்பர்ட்டன் என்ற கலைஞர் களிமண்ணில் மாதிரி செய்தார். லூகாஸ் பார்த்துத் திருத்தங்கள் சொன்னார். பிறகு லண்டன் ட்விக்கன்ஹாமில் பட்டறை வைத்திருந்த ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த்திடம் வேலை போனது. பிளாஸ்டிக் தகட்டை வாக்குவம் ஃபார்மிங் முறையில் வார்ப்பதில் கை தேர்ந்தவர் அவர். சில மாதிரிகளுக்குப் பிறகு லூகாஸ் தலையசைத்ததும், படத்துக்காக 50 தலைக்கவசங்களை வார்த்துக் கொடுத்தார். இந்த வரிசை பின்னால் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டது என்பதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐன்ஸ்வொர்த் சொன்ன வரிசை இதுவல்ல.

வாக்குவம் ஃபார்மிங் என்பது பார்க்க எளிய வேலை. பிளாஸ்டிக் தகட்டை ஒரு சட்டத்தில் இறுக்கிச் சூடேற்றுவார்கள். இளகியதும் தகடு நடுவில் தொட்டில் போலத் தொங்கத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து அச்சின்மேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால் தகடு அச்சைக் கவ்விக்கொள்ளும். ஆறியதும் கழற்றி, விளிம்பை வெட்ட வேண்டும். அவ்வளவுதான் என்று நினைத்து நானும் ஒருமுறை சமையலறை அவனையும் வீட்டு வாக்குவம் கிளீனரையும் வைத்துக்கொண்டு ஒரு கிண்ணத்தை எடுக்க முயன்றேன். மூன்று தகடு வீண். நான்காவதில் கிண்ணம் வந்தது, ஓரத்தில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு மடிப்போடு. அந்த மடிப்புக்குத் தொழிலில் வெப்பிங் என்று பெயர். வீட்டில் அந்த வாசனை போக இரண்டு நாள் ஆயிற்று.

தலைக்கவசம் ஏன் கோணலானது என்பதற்கு இந்த முறையிலேயே பாதி விடை இருக்கிறது. ஆழமான இடங்களில் தகடு இழுபட்டு மெலியும். அச்சில் உள்ள நுணுக்கம் தகட்டின் உள்பக்கத்தில்தான் கூர்மையாக விழும். வெளிப்பக்கம் தகட்டின் கனத்துக்கு ஏற்ப மழுங்கியிருக்கும், நம் கண்ணுக்குத் தெரிவதோ வெளிப்பக்கம். உருவத்தில் உள்நோக்கி மடியும் வளைவு இருந்தால் அச்சிலிருந்து கழற்றவே முடியாது. அதனால் முழுத் தலையை ஒரே துண்டாக வார்க்க வழியில்லை. முகம் ஒரு துண்டு, உச்சியும் பிடரியும் சேர்ந்து ஒரு துண்டு, இரண்டையும் இணைக்கும் இடத்தில் தெரியும் தையலை மறைக்க இரண்டு காதுகள். ஆக, அந்தக் காதுகள் ஒட்டுப்போட்ட இடத்தை மறைக்க வந்த மூடிகள். ஒவ்வொரு தலைக்கவசத்திலும் முகமும் பிடரியும் எப்படிச் சேர்ந்தனவோ அதற்கேற்ப காதைக் கையால் செதுக்கி, திருகாணி போட்டு இறுக்கியிருக்கிறார்கள். ஒன்று போல் இன்னொன்று இல்லாமல் போனதில் வியப்பில்லை.

பொருளும் ஒன்றல்ல. சேகரிப்பாளர்கள் இதை ‘ஹீரோ’, ‘ஸ்டண்ட்’ என்று இரண்டாகப் பிரிக்கிறார்கள். நம் ஊரில் ஹீரோ என்றால் ஆள். அங்கே கேமராவுக்குப் பக்கத்தில் வரும் பொருளுக்கும் அதே பெயர். கூட்டத்தில் ஓடி விழும் ஆட்கள் போட்டது ஸ்டண்ட். அது எச்டிபிஇ என்ற பிளாஸ்டிக்கில் வார்த்தது. தகட்டின் இயல்பான நிறம் காக்கி, அதன்மேல் வெள்ளை பெயின்ட். க்ளோஸ்-அப்புக்கான ஹீரோவை ஏபிஎஸ் பிளாஸ்டிக்கில் வார்த்தார்கள். அவை சேகரிப்பாளர்கள் கணக்கில் ஆறு.

பிளாஸ்டிக் மாறினால் எல்லாம் மாறும். எச்டிபிஇ மெழுகுத் தன்மை உள்ளது. அதில் பெயின்ட் பிடிக்காது, பசையும் ஒட்டாது. படப்பிடிப்பில் உரசிய இடமெல்லாம் வெள்ளை உரிந்து காக்கி எட்டிப் பார்த்தது. ரெப்ளிகாக்காரர்கள் இன்று அதே இடத்தில் அதே அளவுக்கு வெள்ளையைச் சுரண்டி, காக்கியைக் காட்டுகிறார்கள். ஆறும்போது எச்டிபிஇ சுருங்குவது அதிகம், ஏபிஎஸ் சுருங்குவது குறைவு. அதனால் ஒரே அச்சில் எடுத்தாலும் இரண்டும் அளவில் ஒத்துப்போகாது. ‘ஹீரோ என்று சொல்லி விற்றார்கள், அளவு ஸ்டண்டுக்கு இருக்கிறது’ என்று எழும் சண்டையை வேதியியல் தெரிந்தவர்தான் தீர்த்துவைக்க முடியும்.

இன்னொரு சண்டை ‘ரீகாஸ்ட்’. ஒருவர் செய்த தலைக்கவசத்தை வாங்கி, அதன்மேலேயே அச்செடுத்து, அதிலிருந்து பிரதி போட்டு விற்பது. முகத்தில் அறைந்தாற்போல் திருட்டு என்பார்கள். சட்டத்தை விட்டுவிட்டு வேலையாகப் பார்த்தாலும் அது தேய்மானம்தான். வார்த்த பொருளின் வெளிப்பக்கத்திலிருந்து அச்செடுத்து, அதன்மேல் மறுபடி தகட்டை இழுத்தால் தகட்டின் கனம் அளவுக்கு உருவம் ஊதும், விளிம்புகள் இன்னும் ஒரு சுற்று மழுங்கும். ரெசினில் ஊற்றினால் சுருங்கும். மூன்றாம் தலைமுறைக்கு வரும்போது மூக்குக்குக் கீழே இருக்கும் மெல்லிய கோடுகள் சோப்பில் கரைந்த மாதிரி ஆகிவிடும். அதனால்தான் ஒரு தலைக்கவசம் எந்த மூலத்திலிருந்து எத்தனையாவது கை மாறி வந்தது என்ற வம்சாவளியை இந்த உலகில் ஜாதகம் பார்ப்பது போலப் பார்க்கிறார்கள்.

இதற்கு விதிப் புத்தகமும் உண்டு. 1997இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஆல்பின் ஜான்சன் தொடங்கிய 501வது லெஜியன் என்ற ரசிகர் படையில் சேர வேண்டுமானால், உடையின் ஒவ்வொரு துண்டும் எழுதிவைத்த அளவுகோலோடு ஒத்துப்போக வேண்டும். ஸ்டண்ட் தலைக்கவசத்தின் வாயில் ஆறு பல் துளை, ஹீரோவில் எட்டு. ஸ்டண்டுக்குத் தட்டையான கண் கண்ணாடி போடலாம், ஹீரோவுக்குக் குமிழ் போல வெளியே புடைத்தது. தாடையின் இரு பக்கமும் இருக்கும் சின்ன உருளைகளின் முனை, ஹோவி-மிக்ஸ் மைக்கின் முனை போலவே இருக்க வேண்டும். கன்னத்தில் ஓடும் நீலக் கோடுகள் அசலில் கையால் வரையப்பட்டவை, எண்ணிக்கைகூடத் தலைக்குத் தலை மாறும். இப்போது அதையும் பென்சில் கோடு தெரிகிற மாதிரி கையாலேயே வரைகிறார்கள்.

2004

இந்தச் சந்தையின் நடுவில் வந்து நின்றவர் ஐன்ஸ்வொர்த். 2004இல், தன்னிடம் இருந்த பழைய கருவிகளைக் கொண்டு ஸ்டார்ம்ட்ரூப்பர் தலைக்கவசத்தையும் உடற்கவசத்தையும் மறுபடி வார்த்தார். படத்துக்காக அந்நாளில் செய்த வேறு சில பொருட்களையும் சேர்த்து, ஷெப்பர்ட்டன் டிசைன் ஸ்டுடியோஸ் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்றார். ஒரு சேகரிப்பாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? வம்சாவளியில் இடையில் யாருமே இல்லை, நேராக அப்பன் வீட்டுச் சரக்கு.

அதில் கொஞ்சம் அமெரிக்காவுக்கும் போனது. எவ்வளவு என்பதைப் பின்னால் நீதிமன்றம் எழுதியது: குறைந்தது 8,000 டாலர், அதிகபட்சம் 30,000 டாலர். ஒரு பெரிய படக் கம்பெனியின் கணக்கில் இது டீ செலவு. ஆனால் பொம்மை, தலைக்கவசம், உடை என்று உரிமம் கொடுத்துப் பிழைக்கும் ஒரு கம்பெனி, ஒருவரைக் கண்டும் காணாமல் விட்டால் அடுத்தவரைத் தடுக்க வாய் இருக்காது. லூகாஸ்ஃபிலிம் 2005இல் கலிஃபோர்னியாவில் வழக்குத் தொடுத்தது. ஐன்ஸ்வொர்த் அங்கே போய் வாதாடவில்லை. 2006இல் அவர் இல்லாமலே தீர்ப்பு வந்தது. தொகை 2 கோடி டாலர். அதில் ஒரு கோடி, அமெரிக்க வணிகச்சின்னச் சட்டப்படி மூன்று மடங்காக்கப்பட்ட இழப்பீடு. முப்பதாயிரத்தைத் தாண்டாத விற்பனைக்கு இரண்டு கோடி!

அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு லண்டனில் பணம் வசூலிக்க முடியவில்லை. ஐன்ஸ்வொர்த் அமெரிக்காவில் இருந்தவரில்லை, அங்கே கடையோ கிளையோ கிடையாது. அமெரிக்கர்கள் பார்க்கும்படி ஓர் இணையதளம் வைத்திருந்து, தபாலில் சரக்கு அனுப்பினார் என்பதற்காக அவர் அங்கே ‘இருந்தார்’ ஆகிவிட மாட்டார் என்று ஆங்கில நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. ஆகவே லூகாஸ்ஃபிலிம் இங்கிலாந்திலேயே வழக்கை நடத்தியது. இங்கிலாந்துச் சட்டப்படி பதிப்புரிமை மீறல் ஒரு கால். அமெரிக்கச் சட்டப்படி நடந்த மீறலையும் நீங்களே விசாரியுங்கள் என்பது இன்னொரு கால்.

யார் செய்தது?

2008 ஜூலை 31 அன்று உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மான் கொடுத்த தீர்ப்பு நீளமானது, படிக்கச் சுவையானதும்கூட. முப்பது ஆண்டுக்கு முன் ஒரு பட்டறையில் யார் கையில் களிமண் இருந்தது என்பதை ஒரு துப்பறிவாளர் போல அவர் தேடிப் போகிறார்.

ஐன்ஸ்வொர்த் சொன்னது என்ன? கைக்கு வந்தவை இரண்டொரு கோட்டோவியங்கள். உருவத்தை வடித்தது நான்தான். அதனால் பதிப்புரிமை ஏதாவது இருந்தால் அது என்னுடையது. இதற்காக எதிர்வழக்கும் போட்டார். நீதிபதி ஏற்கவில்லை. மெக்குவாரியின் ஓவியம், பெம்பர்ட்டனின் களிமண், லூகாஸின் திருத்தம் என்ற வரிசைதான் உண்மை, ஐன்ஸ்வொர்த்தின் பங்கு அதைப் பிளாஸ்டிக்காக மாற்றியது என்றார். அப்படியே அவர் பங்கில் ஏதாவது படைப்புரிமை இருந்தாலும், படத்துக்காகச் செய்த வேலை என்பதால் அது லூகாஸ் தரப்புக்கே போய்ச் சேரும் என்றும் சொன்னார்.

செய்திகளில் இந்த வழக்கை ‘சின்னப் பட்டறைக்காரர் எதிர் பெரிய ஸ்டுடியோ’ என்று எழுதினார்கள். எனக்கு அது அவ்வளவு ஒப்பவில்லை. இந்தக் கதையில் உண்மையில் ஓரங்கட்டப்பட்டவர் பெம்பர்ட்டன். களிமண்ணில் கை வைத்தவரின் பெயர் தீர்ப்பில் இருக்கிறது, டப்பாவின் மேல் இல்லை. ஐன்ஸ்வொர்த் பெரிய வார்ப்புக்காரர், அதில் ஐயமில்லை. மெல்லிய தகட்டில் அந்த முகத்தை இழுத்தெடுப்பது என் தும்பிக்கைக் கிண்ணம் இல்லை. ஆனால் வார்ப்பு வேறு, வடிப்பு வேறு. சுவாமிமலை ஸ்தபதி பட்டறைகளில் மெழுகில் உருவம் பிடிப்பவருக்கும் உலோகம் ஊற்றுபவருக்கும் உள்ள வேறுபாடு இது.

ஆனால் யார் வடித்தார் என்ற கேள்வியில் ஜெயித்த லூகாஸ்ஃபிலிம், வடித்தது என்ன என்ற கேள்வியில் தோற்றது.

சிற்பமா, சாமானா?

இங்கிலாந்தின் 1988ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு விசித்திர வழி இருக்கிறது. 51ஆம் பிரிவு சொல்வதன் சாரம் இது: ஒரு பொருளின் வடிவமைப்பைக் காட்டும் வரைபடத்துக்கோ மாதிரிக்கோ பதிப்புரிமை இருக்கலாம், ஆனால் அந்தப் பொருள் தன்னளவில் கலைப்படைப்பாக இல்லாவிட்டால், அதைப் பார்த்துப் பொருளைச் செய்வது பதிப்புரிமை மீறல் ஆகாது. கார் உதிரி பாகத்தின் வரைபடத்தைக் காட்டி, பாகத்தைச் செய்பவரை ஆயுளுக்கும் தடுக்கக்கூடாது என்பது எண்ணம்.

ஆகவே மெக்குவாரியின் ஓவியத்துக்குப் பதிப்புரிமை இருந்தும் அதனால் பயனில்லை, தலைக்கவசமே கலைப்படைப்பு என்று காட்டினாலொழிய. சட்டத்தில் கலைப்படைப்பு என்றால் என்னென்ன என்று பட்டியல் இருக்கிறது. அதில் இதற்குப் பொருந்தக்கூடிய சொற்கள் இரண்டே. ஒன்று கலைநயமிக்க கைவினை. அதை நீதிபதி மான் நிராகரித்தார், லூகாஸ்ஃபிலிம் அதற்குமேல் அதைத் தொடரவில்லை. மற்றது சிற்பம்.

சிற்பம் என்றால் என்ன? முன்பு வந்த தீர்ப்புகளைப் புரட்டினால் தலை சுற்றும். 1902இல் ஈயத்தில் வார்த்த பொம்மைக் குதிரைவீரர்கள் சிற்பம் என்று ஒரு தீர்ப்பு. 1984இல் நியூசிலாந்தில் ஃபிரிஸ்பீ தட்டின் மர மாதிரி சிற்பம் என்று ஒரு தீர்ப்பு. சான்ட்விச் டோஸ்டரின் தகட்டை உருவாக்கப் பயன்பட்ட பிளாஸ்டர் உருவங்கள்கூட ஒருமுறை சிற்பமாகிவிட்டன. பல் மருத்துவரின் அச்சுத் தட்டு மட்டும் ஆகவில்லை. மான் இதில் ஃபிரிஸ்பீயையும் டோஸ்டரையும் தயக்கத்தோடுதான் பார்த்தார்.

பிறகு அவர் சொன்ன உதாரணம் சட்டக் கல்லூரிகளில் நிலைத்துவிட்டது. டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் இரண்டு வாரம் வைக்கப்பட்ட செங்கல் குவியல் சிற்பமாக இருக்க முடியும். அதே குவியல், கட்டட வேலைக்காக அவர் வீட்டு வாசலில் இரண்டு வாரம் கொட்டிக் கிடந்தால் அது சிற்பமல்ல. கல் ஒன்றுதான், அடுக்கும் ஒன்றுதான். வைத்தவர் எதற்காக வைத்தார் என்பதுதான் வேறு. கண்ணுக்கு விருந்தாக, தன்னளவில் பார்க்கப்படுவதற்காகச் செய்யப்பட்டதா என்பதே அவருக்குச் சோதனை. அழகா அசிங்கமா என்ற மதிப்பீடு இதில் வராது.

தலைக்கவசத்தை இந்தத் தராசில் வைத்தால்? அது ஒரு நடிகரின் தலையில் மாட்டி, அவர் இன்ன படையைச் சேர்ந்தவர் என்று பார்வையாளருக்குச் சொல்வதற்காகச் செய்யப்பட்டது. கதையில் அது போர்க்கவசம், படப்பிடிப்பில் அது உடுப்பு. பொம்மை ஸ்டார்ம்ட்ரூப்பர்களும் சிற்பமல்ல, விளையாடச் செய்யப்பட்டவை என்றார் மான். ஈயக் குதிரைவீரனுக்கு 1902இல் கிடைத்த மரியாதை பிளாஸ்டிக் விண்வெளி வீரனுக்குக் கிடைக்கவில்லை.

2009 டிசம்பர் 16 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை ஏற்றது. 2011 ஜூலை 27 அன்று உச்ச நீதிமன்றமும். லார்ட் வாக்கரும் லார்ட் காலின்ஸும் சேர்ந்து எழுதிய முதன்மைத் தீர்ப்பின் கருத்து இது: கலைப்படைப்பு என்றால் அது படம்தான், தலைக்கவசம் அந்தப் படத்தை உருவாக்கும் வேலையில் ஓர் உறுப்பு, அந்த அளவில் பயன்பாட்டுப் பொருள், இப்படிப்பட்ட ஒன்றைச் சிற்பம் என்று சொல்வது சொல்லின் இயல்பான பொருளோடு ஒத்துப்போகாது.

இதைப் படித்த ப்ராப்காரர்கள் பலருக்கு ஆனந்தம். எனக்குத் தீர்ப்பு சரி என்றே படுகிறது, ஆனால் அதில் ஓர் இடறல் இருக்கிறது. நீதிமன்றம் பார்த்தது 1976இன் நோக்கத்தை. சேகரிப்பாளர் வீட்டில் அந்தத் தலைக்கவசம் தலையில் ஏறுவதே இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள், மேலே சின்ன விளக்கோடு, பார்க்கப்படுவதற்காக மட்டும் உட்கார்ந்திருக்கிறது. 2004இல் ஐன்ஸ்வொர்த் வார்த்தவையும் அதற்காகவே வார்க்கப்பட்டவை. வாசலில் கிடந்த செங்கலைக் கூட்டமாகச் சேர்ந்து கலைக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் அசலை வடித்தபோது இருந்த நோக்கம்தான் கணக்கு, வாங்குபவரின் பக்தி கணக்கில் வராது.

அவர் தோற்ற பாதி

கதையை இங்கே நிறுத்துபவர்கள்தான் ‘யார் வேண்டுமானாலும் செய்யலாம்’ என்கிறார்கள். வழக்கின் இரண்டாவது கால் வேறு திசையில் போனது.

அமெரிக்கச் சட்டத்தில் இந்தச் சிற்பச் சிக்கல் லூகாஸ்ஃபிலிமுக்கு முட்டுக்கட்டையாக இருக்கவில்லை. அங்கே விற்ற தலைக்கவசங்கள் மீறல்தான். அதை இங்கிலாந்து நீதிமன்றம் விசாரிக்கலாமா? 1893இல் மொசாம்பிக் நிலம் பற்றிய ஒரு வழக்கில், வெளிநாட்டு நிலத்தின் உரிமையை இங்கே உட்கார்ந்து தீர்க்க முடியாது என்று, அன்று அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை சொல்லியிருந்தது. அந்த விதியைப் பதிப்புரிமைக்கும் நீட்டி, மேல்முறையீட்டு நீதிமன்றம் முடியாது என்றது. உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. எதிராளி இங்கிலாந்தில் இருக்கிறார், அவர்மேல் இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது, அப்படியிருக்க வெளிநாட்டுப் பதிப்புரிமை மீறலை விசாரிக்கத் தடையில்லை என்றது.

சட்ட வட்டாரங்களில் செங்கல் உதாரணத்தைவிட இந்தப் பகுதிக்குத்தான் மதிப்பு அதிகம். பட்டறைக்காரருக்கு இதன் நடைமுறைப் பொருள் எளிது: ட்விக்கன்ஹாமில் வார்க்கலாம், மான்செஸ்டரில் விற்கலாம், சிகாகோ முகவரிக்குப் பார்சல் கட்டினால் லண்டன் நீதிமன்றத்திலேயே பதில் சொல்ல வேண்டும். ஐன்ஸ்வொர்த் அதன்பிறகும் இங்கிலாந்தில் தொடர்ந்து வார்த்து விற்றார்.

சட்டமும் பின்னர் நகர்ந்தது. தொழில்முறையில் 50க்கு மேல் பிரதி எடுத்த கலைப்படைப்புக்குப் பதிப்புரிமையை 25 ஆண்டாகச் சுருக்கிய 52ஆம் பிரிவை 2016 ஜூலை 28 முதல் இங்கிலாந்து நீக்கிவிட்டது. நாற்காலி, விளக்கு போன்றவற்றின் பிரதிகளை விற்றவர்கள் அடிபட்டார்கள். 51 அப்படியே இருக்கிறது.

குழாய்த் திருகும் குண்டும்

ஒரு கிளைக் கதை. அதே படத்தில் ஓபி-வான் கெனோபி வைத்திருக்கும் ஒளிவாளின் கைப்பிடியை யாரும் வரையவும் இல்லை, வடிக்கவும் இல்லை. ரோல்ஸ் ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சினின் ஒரு குழாய்த் துண்டு, முதல் உலகப் போர்க்கால ரைஃபிள் கிரனேடு குண்டின் உடல், பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கியின் முனை, ஆர்மிட்டேஜ் ஷேங்க்ஸ் கம்பெனியின் தண்ணீர்க் குழாய்த் திருகு, கிராஃப்லெக்ஸ் கேமரா ஃபிளாஷின் கவ்வி. பழைய இரும்புக் கடை மொத்தத்தையும் ஒரு குச்சியில் கோத்த மாதிரி. படத்தின் நாயகன் லூக்கின் வாள் அதே கிராஃப்லெக்ஸ் ஃபிளாஷின் மூன்று பேட்டரிக் கைப்பிடி, மேலே கொஞ்சம் ரப்பர் பட்டை.

இவை எவை என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்க ரசிகர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. கண்டுபிடித்ததும் என்ன ஆயிற்று? குளியலறைக் குழாய்த் திருகுக்கு விலை ஏறியது. பழைய ஃபிளாஷ் கைப்பிடிகளைப் புகைப்படக்காரர்களைவிட வாள் கட்டுபவர்களே அதிகம் வாங்கிப் போனார்கள், படம் பிடிக்க வேண்டியவர் கையில் அது கிடைக்காமல் போயிற்று. இங்கே ‘ஸ்கிரீன் அக்யூரேட்’ ரெப்ளிகா என்ற சொல்லே ஆட்டம் காண்கிறது. அசல் குண்டு, அசல் குழாய், அசல் திருகு, அசல் கவ்வி எல்லாம் சேர்த்து ஒருவர் கட்டினால் அது பிரதியா? படத்துக்காகக் கட்டியவரும் அதைத்தானே செய்தார்.

இங்கே செய்தால்?

சென்னையிலோ கோவையிலோ பட்டறை போட்டு இந்தத் தலைக்கவசத்தை வார்க்க நினைப்பவர், இங்கிலாந்துத் தீர்ப்பை நம்பி அச்சு ஊற்றக்கூடாது. இந்தியச் சட்டம் வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் சிற்பம் என்ற சொல்லுக்குள் வார்ப்பும் மாதிரியும் அடங்கும் என்றே எழுதியிருக்கிறது. இதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது தெருக்கூத்துக் கிரீடம்தான். கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடித் துண்டு பதித்து, ராத்திரி முழுக்க ஒரு துரியோதனன் தலையில் ஆடும் அந்தக் கிரீடம் சிற்பமா, உடுப்பா? மான் அதை உடுப்புப் பக்கம் தள்ளுவார் என்று நினைக்கிறேன். செதுக்கியவர் ஒப்புக்கொள்வாரா என்பது வேறு.

இங்கே தலைக்கவசத்தைத் தொடும் பிரிவு 15. வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்யக்கூடிய ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டு, உரிமையாளரே தொழில்முறையில் பொருளை 50 தடவைக்கு மேல் பிரதி எடுத்தால், அந்த வடிவமைப்பில் உள்ள பதிப்புரிமை அத்தோடு தீர்ந்தது. அவர் உரிமம் பெற்றவர் எடுத்தாலும் அப்படியே. 2025 ஏப்ரலில், திரவ இயற்கை எரிவாயு ஏற்றிச் செல்லும் டிரெய்லர்களின் வரைபடம் தொடர்பான கிரையோகாஸ் வழக்கில், இது கலைப்படைப்பா அல்லது அதிலிருந்து எடுத்துத் தொழிலில் பயன்படுத்திய வடிவமைப்பா என்று முதலில் பார், இரண்டாவதாகப் பொருளின் முதன்மைப் பயன் செயல்பாடா அழகா என்று பார் என்று நம் உச்ச நீதிமன்றம் இரண்டு படிச் சோதனை ஒன்றைக் கொடுத்திருக்கிறது. ட்விக்கன்ஹாம் தலைக்கவசம் அந்த இரண்டு படியில் எங்கே நிற்கும் என்று இரண்டு வக்கீல்களைக் கேட்டால் மூன்று பதில் வரும்.

அது வடிவமைப்புப் பக்கம் விழுந்தது என்றே வைத்துக்கொள்வோம். பிறகு மிச்சம் வெறும் எண்ணிக்கைதான். லூகாஸ் கேட்டு ஐன்ஸ்வொர்த் வார்த்தது 50. சட்டம் சொல்வது 50க்கு மேல். அதோடு நின்றிருந்தால் கோடு தாண்டவில்லை. க்ளோஸ்-அப்புக்காக ஏபிஎஸ்ஸில் வார்த்த அந்த ஆறு இந்த 50க்குள் அடங்காதவை என்றால், சேர்த்து எண்ணினால் 56.